அமைதியும் கூக்குரலாகும்போது: பியூக்னரின் ‘லென்ஸ்’ கதையை மீண்டும் வாசித்தல்

நோயுற்ற உடலைக் கண்டால் நாம் இரங்குகிறோம். நோயுற்ற உள்ளத்தைக் கண்டாலோ அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறோம். காய்ச்சலில் நடுங்குபவனிடம் நடுங்காதே என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் எவரும் பேசாத வேளையில் குரல்கள் கேட்கின்றன என்று நடுங்குபவனிடம், மனத்தைத் திடப்படுத்திக்கொள், செபம் செய், பெற்றோர் சொல் கேள் என்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அவன் சொல்வதை அவனது புலன்கள் தரும் செய்தியாக நாம் ஏற்பதில்லை. அவனது எண்ணத்தின் பிழையாகவே, சில வேளைகளில் அவனது நடத்தையின் பிழையாகவே கொள்கிறோம். இந்தப் பழைய தவற்றை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அம்பலப்படுத்திய ஒரு சிறுகதை செருமானிய மொழியில் உண்டு. கேயோர்க் பியூக்னர் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற ‘லென்ஸ்’ என்பதே அது. மூளையின் மின்னலைகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றோடு அதனை ஒருசேர வைத்து வாசித்தால், கதையும் தெளிவடைகிறது. நமது கடமையும் தெளிவடைகிறது.

நூலும் நூலாசிரியரும்

பியூக்னர் 1813-இல் எஸ்ஸன் நாட்டில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். ஏழை உழவர்களின் உரிமைக்காக 1834-இல் மறைவாக வெளியிட்ட துண்டறிக்கையின் பொருட்டுத் தேடப்பட்டு, அடுத்த ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகருக்குத் தப்பிச் சென்றார். அங்கே அவர் இரண்டு பணிகளில் ஈடுபட்டார். ஒன்று இலக்கியம், மற்றொன்று நரம்புகளைப் பற்றிய ஆய்வு. ஆற்று மீன் ஒன்றின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து எழுதிய ஆய்வேட்டுக்காக 1836-இல் சூரிக் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் மண்டை நரம்புகளைப் பற்றி அங்கே தமது முதல் விரிவுரையை நிகழ்த்தினார். 1837 பெப்ரவரி 19-இல் நச்சுக்காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து இக்கதையைப் படியெடுத்து அளித்தவர், அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த வில்கெல்மினே என்னும் பெண்மணி; ஒரு போதகரின் மகள். 1839-இல் கார்ல் குட்ஸ்கோ என்பவர் தமது இதழில் இதனை வெளியிட்டபோது, ‘திருப்பண்டம்’ என்று பொருள்படும் சொல்லைத் தலைப்போடு சேர்த்தார். இறந்துபோன நண்பரின் நினைவுப்பொருள் என்பதே அவர் கருதியது. ஆனால் புனிதரின் திருப்பண்டத்தைப் போலவே இதுவும் முழுமையற்ற ஒரு துண்டு. முழுமையான ஒரு மனிதனை நம் முன்னே நிறுத்தும் துண்டு.

கதையின் மையம் வரலாற்றில் வாழ்ந்த ஒருவர். யாக்கோபு மிக்கேல் ரைன்கோல்ட் லென்ஸ் 1751-இல் லிவோனியாவில் ஒரு லூத்தரன் போதகருக்கு மகனாகப் பிறந்த கவிஞர், நாடக ஆசிரியர். இளமையில் கெத்தேயின் நண்பர். அவரது உள்ளம் நிலைகுலையத் தொடங்கிய வேளையில், நண்பர்கள் அவரை வோசு மலைத்தொடரிலுள்ள வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூரின் போதகரான ஓபர்லினிடம் அனுப்பினர். 1778 சனவரி 20 முதல் பெப்ரவரி 8 வரை, மூன்று வாரங்களுக்கும் குறைவான காலம் அங்கே தங்கினார். அந்நாள்களில் நடந்தவற்றை ஓபர்லின் எழுதிவைத்தார். அக்குறிப்பே பியூக்னரின் மூலம்.

குறிப்புக்கும் கதைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் இலக்கியம் பிறக்கிறது. ஓபர்லின் தமது வாசலில் வந்து நின்ற விருந்தினரைக் கண்டார். கண்டதை நேர்மையாக எழுதினார். பியூக்னரோ அந்த வாசலுக்கு வருமுன் லென்ஸ் நடந்துவந்த மலைப்பாதையிலிருந்து தொடங்குகிறார். கண்டவரின் குறிப்பு, அனுபவித்தவரின் பார்வையாக மாறிவிடுகிறது.

புலன்களே முதலில்

இக்கதையை நம்பிக்கை இழந்த ஒருவனின் கதையாக வாசிப்போர் பலர். கலைஞனைப் புறக்கணிக்கும் சமுதாயத்தின் கதையாக வாசிப்போரும் உளர். இரண்டிற்கும் கதையில் சான்றுகள் உண்டு. எனினும், கதை எந்த வரிசையில் செல்கிறது என்பதை இவ்விரு வாசிப்புகளும் போதிய அளவு கவனிப்பதில்லை.

முதற் பக்கத்தில் லென்ஸுக்குக் கடவுளைப் பற்றிய ஐயம் ஏதுமில்லை; உலகைப் பற்றிய அச்சமுமில்லை. மாறியிருப்பவை அவரது புலன்களே. தொலைவு சுருங்குகிறது. மலைகளைச் சில அடிகளில் தாண்டிவிடலாம் போலிருக்கிறது. உடல் களைப்பை உணரவில்லை. தலையால் நடக்க இயலவில்லையே என்பது மட்டும் சிறு குறையாகத் தோன்றுகிறது. காற்றும் மேகமும் உயிருள்ளவை போல் அவர்மீது பாய்கின்றன. பின்னர் அனைத்தும் அடங்கியதும், ஓர் இனந்தெரியாத தனிமை அவரைப் பற்றிக்கொள்கிறது. கதையின் பிற்பகுதியில் வரும் ஐயமும் இறைமறுப்பும், புலன்களில் நிகழ்ந்த இந்த மாற்றத்தின் பின்னே வருகின்றனவே தவிர, அதற்கு முன்னே வரவில்லை.

‘மனச்சிதைவு’ என்று நாம் வழங்கும் ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற பெயரை ஆய்கன் புளொய்லர் 1908-இல்தான் உருவாக்கினார். அவர் பணியாற்றியது, பியூக்னர் இறந்த அதே சூரிக் நகரில். நோயின் தொடக்க நிலையை மட்டும் தனியே ஆராய்ந்து கிளவுஸ் கொன்ராட் 1958-இல் ஒரு நூல் எழுதினார். நாடகத்தில் மேடை ஏறுவதற்குச் சற்று முன் நடிகன் உணரும் படபடப்பை ஒத்தது நோயின் முதற்கட்டம் என்றார் அவர். ஏதோ நிகழப்போகிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. 1961-இல் மக்கீ, சாப்மன் என்னும் இருவர் ஸ்காட்லாந்தில் தொடக்கநிலை நோயாளிகளிடம் பேசி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோளாக எடுக்கப்படுகிறது. ஓசைகள் பெருகியொலிப்பதையும், தேவையற்றவை யாவும் கவனத்தைப் பற்றியிழுப்பதையும், ஒருவர் பேச்சைப் பின்தொடர முடியாமல் சொற்கள் சிதறுவதையும் அந்நோயாளிகள் விவரித்தனர். மருட்சியான நம்பிக்கைகள் உறுதிப்படுமுன்னரே புலன்களின் வாசற்காவல் தளர்ந்துவிடுகிறது என்பதே அதன் சாரம். பியூக்னர் இவற்றையெல்லாம் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் வரிசையைச் சரியாக எழுதிவிட்டார்.

மூளையின் தாளம்

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் யேனா நகரின் மனநல மருத்துவர் கான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் தயங்கியபின் 1929-இல் வெளியிட்டார். கண்களை மூடி ஓய்ந்திருப்பவரின் மூளை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அலையெழுப்புவதையும், கண் திறந்ததும் அவ்வலை தணிவதையும் அவர் கண்டார். அதனினும் விரைவான அலைகளும் உண்டு. நொடிக்கு 30-க்கு மேற்பட்டவற்றைக் காமா அலைகள் என்பர். ஒரு பாடற்குழுவில் ஒவ்வொருவரும் நன்கு பாடினாலும், தாளம் ஒன்றாவிட்டால் இசை இரைச்சலாகிவிடும். மூளையிலும் பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒருசேர இயங்க, அவற்றை உரிய கணத்தில் அடக்கியும் விடுவித்தும் தாளம் காக்கும் நரம்பணுக்கள் உள்ளன. மனச்சிதைவில் இவற்றின் பணி தளர்ந்திருப்பதாக இன்றைய ஆய்வாளர்களுள் பலர் கருதுகின்றனர்.

இதனை எங்ஙனம் அறிந்தனர்? மூன்று சோதனைகளை இங்கே குறிப்பிடலாம். நொடிக்கு 40 முறை ‘கிளிக்’ ஒலியைக் காதில் செலுத்தினால், நலமான மூளை அதே 40 என்னும் தாளத்தில் எதிரொலிக்கும். மனச்சிதைவு உள்ளோரிடம் இந்த எதிரொலி வலுக்குறைந்திருப்பதை 1999-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு காட்டியது. பின்னர் பலர் அதனை உறுதிசெய்தனர். இரண்டாவது சோதனையில், அரை நொடி இடைவெளியில் ஒரே ஒலியை இருமுறை எழுப்புவர். நலமான மூளை இரண்டாம் ஒலியைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஏற்கெனவே கேட்டதுதானே என்று கதவைப் பாதி மூடிவிடும். இந்நோயாளிகள் பலரின் மூளை அக்கதவைப் போதிய அளவு மூடுவதில்லை என்பதை 1982-இல் கொலராடோ ஆய்வாளர்கள் கண்டனர். மூன்றாவது, ஒரே மாதிரியான ஒலிவரிசையில் திடீரென்று மாறியொலிக்கும் ஒன்றை மூளை தானாகவே கண்டுகொள்ளும் அலை. பின்லாந்தின் நாத்தானனும் அவர்தம் குழுவினரும் 1978-இல் விவரித்த இவ்வலை மனச்சிதைவில் குறைவாக இருப்பது 1991 முதல் தெரிந்தது. நோய் முதன்முதலாக வெளிப்படும் காலத்தில் இக்குறைவு, நாட்பட்ட நோயில் காண்பதைவிடச் சிறியது.

நாம் பேசும்போது, இது என் குரல் என்னும் முன்னறிவிப்பைப் பேச்சை இயக்கும் பகுதி கேட்கும் பகுதிக்கு அனுப்புகிறது. ஆகவே நமது குரலுக்கு நமது செவிப்புலன் அடங்கியே எதிர்வினை புரிகிறது. மனச்சிதைவு உள்ளோரிடம் இந்த அடக்கம் குறைந்திருப்பதை மின்னலைப் பதிவுகள் காட்டியுள்ளன. முன்னறிவிப்பு வந்துசேராவிடில் என்ன நிகழும்? தன் குரலே வந்தேறியின் குரலாகும். உள்ளே எழும் எண்ணமே வெளியிலிருந்து வரும் கட்டளையாகும். செவிப்பிரமைக்கு இது ஒரு விளக்கம். முழு விளக்கம் அன்று.

இப்போது கதைக்குத் திரும்புவோம். தனித்திருக்கும்போது லென்ஸ் தமக்குத் தாமே உரத்துப் பேசுவதாகவும், பின்னர் வேறொருவர் குரல் தம்மோடு பேசியதுபோல் திடுக்கிடுவதாகவும் பியூக்னர் எழுதுகிறார். தன் குரலைத் தன்னதென்று அறியும் ஆற்றல் கழன்றுபோவதை இதனினும் சுருக்கமாக எழுத இயலாது. உரையாடலின் நடுவே சொல் அறுந்து லென்ஸ் தடுமாறுவதும், எவரையேனும் நினைத்தால் அவராகவே தாம் ஆகிவிட்டதாக உணர்வதும் இதே பக்கங்களில் வருகின்றன. இறுதியில், அமைதி என்று மனிதர் வழங்குவதே அடிவானமெங்கும் எழும் பயங்கரக் கூக்குரலாக அவருக்குக் கேட்கிறது. போதகருக்கு அது கேட்கவில்லையே என்று வியக்கிறார். பிறர் கதவை மூடிவிடுகின்றனர். லென்ஸின் கதவு மூடுவதில்லை. உருவகம் என்று இதனைப் பாராட்டிக் கடந்துசெல்லும் திறனாய்வு, துன்புறுவோனின் சாட்சியத்தை அழகியலாக்கி மறுக்கிறது.

எனினும் மறுபக்கத் தவறும் உண்டு. மேற்சொன்ன சோதனைகள் யாவும் பெருங்குழுக்களின் சராசரியை ஒப்பிட்டுக் கண்டவை. தனி ஒருவரின் மின்னலை வரைவைப் பார்த்து இவர் மனச்சிதைவு உள்ளவர் என்று எந்த மருத்துவரும் முடிவுரைக்க இயலாது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த கவிஞருக்கோ அந்த வரைவும் இல்லை. ஆகவே லென்ஸின் நோய் இன்னதுதான் என்று அடித்துக் கூறுவதன்று நமது நோக்கம். அலை அளக்கிறது; கதை அறிவிக்கிறது. நொடிக்கு 40 என்னும் எண், ஒரு மனிதன் இரவில் எழுந்து குளிர்நீர்த் தொட்டியில் பாய்வது ஏன் என்று சொல்லாது. சிதறும் தன்னை ஒன்றுசேர்க்க வலியையும் குளிரையும் நாடினான் என்று கதையே சொல்கிறது.

போதகர் இல்லத்தில்

ஓபர்லின் எளிய மனிதர் அல்லர். 1767-இல் அம்மலைநாட்டுக்கு வந்து, சாலை அமைத்து, சிறு குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி, மக்களின் வாழ்வையே மாற்றியவர். வந்தவன் யார் எவன் என்று ஆராயாமல் லென்ஸை ஏற்றுக்கொள்கிறார். தம் பணிக்குச் செல்லும் இடங்களுக்கெல்லாம் உடன் அழைத்துச் செல்கிறார். மறையுரை ஆற்றவும் இடமளிக்கிறார். பகலில், வேலையில், மக்கள் நடுவில், போதகரின் அருகில் லென்ஸ் அமைதியடைகிறார். ஒளி மங்கும்போதே அச்சம் திரும்புகிறது. கதையின் மிக அழகிய பகுதிகள் இவை. மருந்து எதுவும் இல்லாத காலத்தில் ஒரு வீடு செய்யக்கூடியதை இவ்வீடு செய்தது.

ஆனால் இடையே ஓபர்லின் பயணம் செல்கிறார். அந்நாள்களில் ஃபூதே என்னும் ஊரில் ஒரு சிறுமி இறந்துபோனதாக லென்ஸ் கேள்விப்படுகிறார். சாக்குடுத்தி, முகத்தில் சாம்பல் பூசி, அங்கே சென்று அவளை எழுப்ப முயல்கிறார். யாயிரின் மகளை ஆண்டவர் எழுப்பிய நற்செய்தி நிகழ்ச்சி நம் நினைவுக்கு வராமல் போகாது. உடல் குளிர்ந்தே கிடக்கிறது. அதன்பின் மலைமீது ஓடும் லென்ஸை இறைமறுப்பு ஆட்கொள்கிறது. நம்பிக்கை இழப்பின் கதை என்பவர்கள் சுட்டிக்காட்டும் இடம் இதுவே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மாறிவிட்ட புலன்கள் தந்த செய்திகளுக்கு லென்ஸ் தம்மிடமிருந்த சமயமொழியால் பொருள்காண முயன்றார். அம்மொழியை அவரது நோய் பயன்படுத்திக்கொண்டது. அம்மொழி அவரது நோயை உண்டாக்கவில்லை.

திரும்பி வந்த ஓபர்லின், தந்தையின் விருப்பத்திற்கு இணங்கி வீடு திரும்புமாறும், தாய் தந்தையரை மதிக்குமாறும் லென்ஸுக்கு அறிவுரை கூறுகிறார். கட்டளை தூயது, கூறியவர் நல்லவர், கூறப்பட்ட நேரமோ தவறானது. அடைக்கலம் என்று பற்றியிருந்த ஒரே இடத்திலிருந்தும் விரட்டப்படுவதாக லென்ஸ் உணர்கிறார். அதன்பின் சரிவு வேகம் கொள்கிறது. நல்ல மேய்ப்பரும் நோயைக் குற்றமாகக் கருதிப் பேசினால் ஆடு பள்ளத்தாக்கை நோக்கி ஓடும் என்பதைப் பியூக்னர் எவரையும் பழிக்காமல் காட்டிவிடுகிறார். ஓபர்லினைக் கேலிச்சித்திரமாக வரையாமல் விட்டதே இக்கதையின் அறநேர்மை.

மறைநூலில் இதற்கு ஓர் எதிர்க்காட்சி உண்டு. சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவைத் தேடி வந்த வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் நீரும் வைத்து, உண்ணச் சொல்லி, மீண்டும் உறங்க விட்டார். உரையாடல் பின்னரே வந்தது. காற்றும் நிலநடுக்கமும் தீயும் ஓய்ந்தபின் எழுந்த மெல்லிய ஒலியில் எலியா இறைவனைக் கண்டுகொண்டார். அதே அமைதி லென்ஸுக்குத் தாங்கவொண்ணாத அலறலாயிற்று. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பக்தியின் அளவில் இல்லை. ஆகவே இத்தகைய துன்பத்தை ஆன்மாவின் இருண்ட இரவு என்று அவசரப்பட்டுப் புனிதப்படுத்துவதும், பாவத்தின் விளைவு என்று பழிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

கதையின் குறை

இத்துணைச் சிறப்புடைய கதையிலும் ஒரு குறையைச் சுட்டாமல் விடுவது முறையன்று. காவலரோடு ஸ்திராஸ்பூர்க் நகருக்கு அனுப்பப்படும் லென்ஸ், உணர்வற்று, எதையும் விரும்பாமல், வெறுமனே வாழ்ந்துகொண்டிருந்தார் என்னும் பொருள்பட முடிகிறது கதை. வாசகர் உள்ளத்தில் இரும்புக்கதவு மூடுவதுபோன்ற முடிவு அது. கலையளவில் ஈடிணையற்றது, வாழ்வளவில் முழு உண்மையன்று. வரலாற்று லென்ஸ் மேலும் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். 1779-இல் அவருடைய உடன்பிறந்தார் வந்து அழைத்துச் சென்றார். பின்னர் மாஸ்கோவில் ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்தார், எழுதினார். 1792-இல் அந்நகரின் தெரு ஒன்றில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். துயரமான வாழ்வுதான். ஆயினும் வெறுமை மட்டுமே நிறைந்த வாழ்வன்று.

இக்குறை சிறியது என்று கருத வேண்டாம். மனச்சிதைவு என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பங்கள் அஞ்சுவது இந்த மூடிய கதவையே. அதனால்தான் மறைக்கின்றன, மறைப்பதால் மருத்துவம் தாமதமாகிறது. முதல் அறிகுறிகள் தோன்றியபின் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, மீட்சி கடினமாகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. 1952-இல் பாரிசு நகரில் குளோர்ப்ரோமசின் இந்நோய்க்குப் பயன்பட்டது முதல் மருந்துகள் பல வந்துள்ளன. அனைவரும் முழுதும் குணமடைவதில்லை. ஆயினும் மருந்தும், குடும்பத்தின் பொறுமையும், செய்யத்தக்க வேலையும் ஒன்றுசேர்ந்தால் மதிப்போடு வாழ்வோர் பலர். உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரை நோய் முதலில் தீண்டியது பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான்.

அவ்வயதில் ஒரு மகனோ மகளோ ஓசைகளைக் கண்டு காதைப் பொத்திக்கொண்டால், தெரிந்த முகங்கள் அந்நியமாகத் தோன்றுகின்றன என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், நாம் என்ன செய்வோம்? பியூக்னரின் கதை விடுக்கும் வினா இதுவே. கேட்காத குரலைக் கேட்டதாக நாம் பாசாங்கு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது அவர்களுக்குக் கேட்கிறது என்பதை நம்ப வேண்டும். பின்னர் அப்பத்தையும் நீரையும் அருகில் வைத்து, உறங்க விட்டு, தாமதமின்றி மருத்துவரிடம் உடன்செல்ல வேண்டும். அறிவுரைக்குப் பின்னர் நேரம் உண்டு.